தள்ளிப்போடுற மாத்திரைக்கு ஒரு வரி பதில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற மருத்துவ கேள்வி பதில் பகுதிய நான் விடாம படிக்கிறவ. சமீபத்துல ஒரு வாசகி, பீரியட்ஸ தள்ளிப்போட மாத்திரை போடலாமான்னு கேட்டிருந்தாங்க, அதுக்கு "மருத்துவர் ஆலோசனைப்படி எடுத்துக்கொள்ளலாம்"னு ஒரே வரில பதில் போட்டிருந்தீங்க. தப்புன்னு சொல்ல வரல. ஆனா நான் மருந்துக்கடைல பார்மசிஸ்டா வேலை பாக்குறேன், இந்த மாத்திரைய கேட்டு வர்றவங்கள கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்குறவ, அவங்கள்ல முக்காவாசி பேருக்கு டாக்டர்கிட்ட என்ன கேக்கணும், எப்ப போகணும், எதையெல்லாம் மறைக்காம சொல்லணும்னே தெரியாது. அதனால இந்த விஷயத்துக்கு ஒரு வரி பத்தாது, ஒரு முழுப்பக்கம் வேணும்னு கேட்டுத்தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

முதல்ல நேரம். எங்ககிட்ட வர்றவங்க பெரும்பாலும் கல்யாணத்துக்கோ டூருக்கோ பரீட்சைக்கோ முதல் நாள் சாயங்காலம்தான் வர்றாங்க. சில பேர் காலைல லேசா பட ஆரம்பிச்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டே வருவாங்க. ஆரம்பிச்ச பிறகு இந்த மாத்திரைய போட்டு நிறுத்திடலாம்னு நம்பிக்கை. அது நடக்காது, ஏன் நடக்காதுன்னு புரிஞ்சா அந்த அவசரமே வராது.

மாசாமாசம் கருமுட்டை வெளிய வந்ததும் சினைப்பைல அது இருந்த இடம் புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன சுரக்க ஆரம்பிக்கும். அந்த ஹார்மோன் இருக்குற வரைக்கும் கர்ப்பப்பையோட உள்பக்க சவ்வு கலையாம நிக்கும். கரு தங்கலைன்னா ஏறக்குறைய 14 நாள்ல அந்த சுரப்பு படுத்துரும், சவ்வு கலைஞ்சு ரத்தத்தோட வெளிய வரும், அதுதான் பீரியட்ஸ். இந்த மாத்திரை என்ன பண்ணுதுன்னா, உடம்போட சொந்த சுரப்பு குறையுற நேரத்துல வெளிலேர்ந்து அதே வேலைய செய்யுற ஒண்ண குடுத்து, விழப்போற சுவருக்கு முட்டு குடுக்குற மாதிரி நிறுத்தி வைக்குது. சுவர் சரிய ஆரம்பிச்சிட்டா அப்புறம் முட்டு குடுத்து பிரயோஜனம் இல்ல. அதனாலதான் எதிர்பாக்குற தேதிக்கு 3 நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும்னு சொல்றது.

வழக்கமா குடுக்குறது நார்எதிஸ்டிரோன், 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 3 வேளை. நேத்து வந்த மருந்து இல்ல இது, 1951ல மெக்சிகோ சிட்டில சின்டெக்ஸ் கம்பெனி லேப்ல லூயிஸ் மிராமான்டெஸ், கார்ல் ஜெராசி டீம் உருவாக்குனது, உலகத்துல கர்ப்பத்தடை மாத்திரைங்க வர்றதுக்கு அடிப்படையா இருந்த மருந்துகள்ல ஒண்ணு. அதனால மருந்தே ஆபத்துன்னு பயமுறுத்துறதுக்கு நான் எழுதல. சரியான ஆளுக்கு சரியான நேரத்துல குடுத்தா நல்லா வேலை செய்யுற மருந்துதான். நிறுத்துனதும் பொதுவா 2, 3 நாள்ல பீரியட்ஸ் வந்துரும், இத கணக்குல வச்சுதான் பிளான் பண்ணணும். நாலு நாள் டூருன்னு வச்சுக்குவோம், மூணாவது நாள் காலைல "இன்னும் ஒரு நாள்தானே"ன்னு மாத்திரைய விட்டுட்டா, திரும்பி வர்ற வழில ஆரம்பிச்சாலும் ஆரம்பிச்சிரும். நிகழ்ச்சி முடியுற வரைக்கும் விடாம போட்டு, வீடு வந்து சேர்ந்த பிறகு நிறுத்துறதுதான் நிம்மதி. எத்தன நாள் போடலாம்ங்கறதுக்கும் ஒரு எல்லை உண்டு, தள்ளிப்போடுறதுக்குன்னா ரெண்டு வாரத்துக்கு மேல பொதுவா குடுக்க மாட்டாங்க.

மூணு வேளைன்னா மூணு வேளைதான். காலைல ஒண்ணு போட்டு, மதியம் வேலைல மறந்து, ராத்திரி ரெண்டா சேத்து போட்டா உடம்புல மருந்து அளவு ஏறி இறங்கும், லேசா பட ஆரம்பிக்கும், அப்புறம் மாத்திரை டூப்ளிகேட்னு எங்ககிட்ட சண்டைக்கு வருவாங்க. ஏறக்குறைய 8 மணி நேர இடைவெளில போன்ல அலாரம் வச்சுக்கிட்டா போதும். அப்படி ஒழுங்கா போட்டும் சில பேருக்கு ஸ்பாட்டிங் வரும், அதுவும் உண்மை, யாரும் நூறு சதவீதம் கேரண்டி குடுக்க முடியாது, அதனால மாத்திரை போட்டாலும் பேக்ல பேட் ஒண்ணு ரெண்டு வச்சுக்கறது நல்லது. வயிறு உப்புசம், மார்புல வலி, குமட்டல், தலைவலி, காரணமே இல்லாம எரிச்சல் இதெல்லாமும் வரலாம்.

தேதிய பத்தியும் ஒரு வார்த்த. 28 நாள்னு எல்லாரும் மனப்பாடமா சொல்றோம், ஆனா வளர்ந்த பெண்களுக்கு 21லேர்ந்து 35 நாள் வரைக்கும் வந்தா அது நார்மல்தான், வயசுக்கு வந்த முதல் கொஞ்ச வருஷத்துல 45 நாள் வரைக்கும் கூட போகும். முட்டை வெளிய வந்த பிறகு இருக்குற 14 நாள் அவ்வளவா மாறாது, அதுக்கு முன்னாடி இருக்குற நாள்தான் இழுத்துக்கிட்டும் சுருங்கியும் போகும், டென்ஷன், காய்ச்சல், எடை குறையுறது எல்லாமே அதுல கை வைக்கும். பிசிஓஎஸ்ங்கிற ஹார்மோன் கோளாறு இருக்குறவங்களுக்கு சொல்லவே வேணாம். அப்படி தேதியே நிலையா இல்லாதவங்களுக்கு "3 நாள் முன்னாடி"ங்கற கணக்கு எதுல இருந்து போடுறது? அவங்க ஒரு மாசம் முன்னாடியே டாக்டர பாத்தாதான் வேற ஏற்பாடு பண்ண முடியும். கடைசி நேரத்துல கடைக்கு வந்தா நாங்க மட்டும் என்ன ஜோசியமா சொல்ல முடியும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். இந்த மாத்திரைய வாங்க வர்றது முக்காவாசி நேரம் அத போடப்போற பொண்ணு இல்ல. அண்ணன் வருவாரு, அப்பா வருவாரு, கல்யாண வீட்டு மாமா வருவாரு. கையில பேர் எழுதுன சீட்டு கூட இருக்காது, யாரோ வெட்டிக் குடுத்த ஸ்ட்ரிப் துண்டு ஒண்ணு, அலுமினிய தாள்ல கடைசி ரெண்டு எழுத்து மட்டும் தெரியும், எக்ஸ்பயரி தேதி வெட்டுன பக்கத்தோட போயிருக்கும். "இதே மாதிரி ஒரு அட்டை குடுங்கம்மா, போன தடவ எங்க அத்தை பொண்ணுக்கு கேட்டுச்சு"ம்பாங்க. அத்தை பொண்ணுக்கு கேட்டது இந்தப் பொண்ணுக்கு கேக்கும்னு எப்படி சொல்றது?

ஒரு தடவ ஒரு தம்பி வந்தாப்ல, அக்காவுக்கு வேணும்னு. அக்காவுக்கு போன் போட்டு குடுங்க தம்பின்னு சொன்னேன், அவரு கொஞ்சம் சங்கடப்பட்டுட்டு போட்டுக் குடுத்தாரு. நான் அந்தப் பொண்ணுகிட்ட, "தலைவலி வருமாம்மா உனக்கு?"ன்னு கேட்டேன். "ஒத்தத் தலைவலி உண்டுங்க மேடம்"னா. "வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுமா?"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் "ஆமா மேடம், ஓரத்துல வளைஞ்சு வளைஞ்சு வெளிச்சம் மாதிரி ஓடும், ஒரு அரை மணி நேரம் கழிச்சுதான் வலி வரும், இது எல்லாருக்கும் வரும்னு நினைச்சேன்"னா. அதுக்கு ஆரா மைக்ரேன்னு பேரு, அது இருக்குறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன்ங்கிற இன்னொரு பெண் ஹார்மோன் சேந்த மருந்து குடுத்தா பக்கவாதம் வர்ற வாய்ப்பு கூடும். நார்எதிஸ்டிரோன்ல ஈஸ்ட்ரோஜனே கிடையாதேன்னு படிச்சவங்க கேப்பாங்க. மாத்திரைல கிடையாதுதான், ஆனா நம்ம உடம்பு அதுல ஒரு சின்ன பங்க எத்தினைல் எஸ்ட்ராடியோல்ங்கிற ஈஸ்ட்ரோஜனா மாத்திக்கும். ஒரு நாளைக்கு 10லேர்ந்து 20 மில்லிகிராம் வரைக்கும் போடுறப்ப, கிட்டத்தட்ட 20, 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியோல் இருக்குற கர்ப்பத்தடை மாத்திரை போட்டதுக்கு சமமாயிடும். தள்ளிப்போடுறதுக்கு போடுற 15 மில்லிகிராம் அந்தக் கணக்குக்குள்ளதான் வருது. அந்தப் பொண்ணுக்கு மாத்திரை குடுக்காம டாக்டர்கிட்ட அனுப்புனேன், அவங்க வேற வழி சொன்னாங்க, அவ நல்லபடியா கல்யாணத்துக்கும் போயிட்டு வந்தா. போன்ல பேசுனதுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு, ஆனா அந்த ரெண்டு நிமிஷம் எத்தன கவுண்டர்ல நடக்குது?

ஈஸ்ட்ரோஜன் ரத்தம் கட்டுற வாய்ப்பையும் கூட்டும், இதே காரணத்துக்காகத்தான் ரத்தம் கட்டி இருந்தவங்க, வீட்ல அம்மாவுக்கோ அக்காவுக்கோ சின்ன வயசுலயே காலுல நுரையீரல்ல ரத்தக்கட்டி வந்தவங்க, உடம்பு எடை ரொம்ப அதிகமா இருக்குறவங்க, சிகரெட் பிடிக்கிறவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆகி படுத்துக்கிட்டே இருந்தவங்க எல்லாம் அத டாக்டர்கிட்ட வாய தொறந்து சொல்லணும். அவங்களுக்கு மெட்ராக்சி புரோஜெஸ்டிரோன் மாதிரி வேற மருந்து பொருத்தமா இருக்கலாம், அது ஈஸ்ட்ரோஜனா மாறாது. கல்லீரல் பிரச்சனை, மார்புப் புற்றுநோய் இருந்தவங்க, எதுக்குன்னே தெரியாம நடு நடுல ரத்தம் படுறவங்க, கைக்குழந்தைக்கு பால் குடுக்குறவங்க, இவங்களும் சும்மா வாங்கி போட்டுக்கக் கூடாது. வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசிப்பின், டிபிக்கு ரிஃபாம்பிசின் போடுறவங்களுக்கு இந்த மாத்திரையோட வேகம் குறைஞ்சு போகும், பலிக்காம போகலாம்.

இன்னொண்ணு, நீண்ட பயணம். தள்ளிப்போடுறதே பயணத்துக்காகத்தான்னு வர்றவங்க நிறைய. பஸ்லயோ பிளைட்லயோ மணிக்கணக்கா கால மடக்கி உக்காந்திருக்கறதே ரத்தம் கட்டுறதுக்கு ஒரு காரணம், பாத்ரூம் போக பயந்து தண்ணி குடிக்காம இருக்கறது அதுக்கு மேல, அதோட இந்த மாத்திரையும் சேருது. நல்ல ஆரோக்கியமான பொண்ணுக்கு ஆபத்து குறைவுதான், பயப்பட வேணாம், ஆனா எழுந்து நடக்கணும், தண்ணி குடிக்கணும், அப்புறம் ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்குனாலோ, நெஞ்சு குத்துனாலோ, இது பீரியட்ஸ் தள்ளிப்போன அசதின்னு படுத்துக்காம அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு போகணும், போனதும் நான் இந்த மாத்திரை போடுறேன்னு டாக்டர்கிட்ட சொல்லணும். வீட்ல பெரியவங்க இருக்காங்கன்னு இத மறைக்கிறவங்கதான் ஜாஸ்தி.

புதுசா கல்யாணம் ஆனவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இது பீரியட்ஸ தள்ளிப்போடும்தான், ஆனா கர்ப்பத்தையும் தடுக்கும்னு நம்பிக்கிட்டு இருக்காதீங்க. தள்ளிப்போடுறதுக்காக குடுக்குற இந்த முறைய கர்ப்பத்தடையா எடுத்துக்கவே முடியாது, காண்டமோ வேற ஏதாவதோ தனியா வேணும். மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருந்தா டெஸ்ட் பண்ணிக்கணும், நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் வரலைன்னா அப்பயும் பண்ணிக்கணும். சில பேர் எமர்ஜென்சி மாத்திரைய, அதான் உறவுக்கு அப்புறம் போடுற லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், அத தள்ளிப்போடுற மாத்திரைன்னு நினைச்சு கேட்டு வர்றாங்க. அது வேற வேலைக்கு. அத போட்டா தேதி முன்னாடியும் போகலாம் பின்னாடியும் போகலாம், உள்ள கணக்கும் குழம்பிடும்.

ஏற்கனவே தினமும் கர்ப்பத்தடை மாத்திரை, அதாவது ரெண்டு ஹார்மோனும் கலந்த 21 நாள் அட்டை போடுறவங்களுக்கு இந்த நார்எதிஸ்டிரோனே தேவைப்படாது, அது நிறைய பேருக்கு தெரியல. 21 முடிஞ்சதும் 7 நாள் விடாம அடுத்த அட்டைய தொடர்ந்தா போதும். 28 மாத்திரை அட்டைன்னா கடைசில இருக்குற வெத்து மாத்திரைங்கள விட்டுட்டு அடுத்த அட்டைக்கு போகணும், ஒரே அட்டைல வேற வேற அளவு மருந்து இருக்குற வகைன்னா கேக்காம மாத்தக் கூடாது. அந்த 7 நாள்ல வர்றது உண்மையான பீரியட்ஸே கிடையாது, மருந்த விட்டதுனால வர்ற ரத்தம்தான். 1960ல முதல் மாத்திரை அமெரிக்கால கர்ப்பத்தடைக்குன்னு அனுமதி வாங்குனப்பவே மாசாமாசம் ரத்தம் வர்ற மாதிரி இடைவெளி வச்சு அமைச்சாங்க, பெண்களுக்கு அது இயல்பா தோணும்னு. 2003ல வருஷத்துக்கு 4 தடவ மட்டும் ரத்தம் வர்ற மாதிரி 84 நாள் மாத்திரைக்கும், 2007ல இடைவெளியே இல்லாத மாத்திரைக்கும் அங்க அனுமதி குடுத்தாங்க. 2019ல பிரிட்டன்ல வந்த டாக்டர்களுக்கான வழிகாட்டுதல், அந்த 7 நாள் இடைவெளியால உடம்புக்கு எந்த நன்மையும் இல்லன்னே சொல்லிருச்சு. ஆனா முதல் சில மாசம் அப்பப்ப லேசா படும், அதுக்கு தயாரா இருக்கணும்.

"வர வேண்டிய கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடாதா?"ன்னு அம்மாக்கள் கேப்பாங்க. எங்கயும் தேங்கி நிக்கறது இல்ல, சவ்வு கலையவே இல்ல, அப்புறம் தேங்க என்ன இருக்கு. அது கெட்ட ரத்தமும் கிடையாது. எப்பவாவது ஒரு தடவ தள்ளிப்போட்டா பின்னாடி குழந்தை பிறக்காதுன்னு சொல்றதுக்கும் ஆதாரம் இல்ல. ஆனா வருஷம் பூரா நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தானா வாங்கி போட்டுக்கறவங்களையும் பாக்குறேன், அது வேற கதை, அவங்க ஒரு தடவயாவது உக்காந்து டாக்டர்கிட்ட பேசியே ஆகணும், காப்பர்-டி மாதிரியே கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற, ஆனா காப்பருக்கு பதிலா ஹார்மோன் இருக்குற சாதனம் மாதிரி நீண்ட கால வழி அவங்களுக்கு ஒத்து வரலாம்.

பரீட்சைக்குன்னு பொண்ண கூட்டிக்கிட்டு வர்ற பெற்றோருக்கு நான் சொல்றது வேற. வயசுக்கு வந்து கொஞ்ச வருஷமே ஆன பொண்ணுக்கு தேதி பிடிக்கறதே கஷ்டம், இதுல புது மாத்திரை போட்டு பரீட்சை ஹால்ல குமட்டிக்கிட்டு உக்காந்திருந்தா என்ன லாபம்? அவளுக்கு உண்மைல பிரச்சனை என்னன்னு கேளுங்க. வலியா? மெஃபனமிக் ஆசிடோ ஐபுப்ரோஃபெனோ, ஒத்துக்கற உடம்புன்னா, வலி முத்துறதுக்கு முன்னாடியே சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா வலியும் குறையும், போக்கும் ஓரளவு குறையும். போக்கு ரொம்ப அதிகமா? டிரானெக்சாமிக் ஆசிட் இருக்கு, அது ஹார்மோனே இல்ல, போக்கு இருக்குற நாள்ல மட்டும் போடுறது, ரத்தக்கட்டி வந்தவங்களுக்கு கூடாது, டாக்டர் எழுதிக் குடுத்தா போடலாம். இல்ல, நடுல பாத்ரூம் போக விடமாட்டாங்கன்னு பயமா? அதுக்கு மாத்திரை எதுக்கு, பரீட்சை நடத்துறவங்கதான அதுக்கு பதில் சொல்லணும்?

2002ல சிகாகோ மாரத்தான்ல பிரிட்டன் ஓட்டப்பந்தய வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2 மணி 17 நிமிஷம் 18 செகண்ட்ல பெண்கள் உலக சாதனை பண்ணுனப்ப அவங்களுக்கு பீரியட்ஸ் வலி இருந்துச்சுன்னு அவங்களே பின்னாடி சொன்னாங்க. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய், ரிலேல நாலாவது வந்ததும் டிவி மைக் முன்னாடியே நேத்துதான் எனக்கு ஆரம்பிச்சுதுன்னு சொன்னாங்க, சோர்வா இருந்துச்சுன்னும் சொன்னாங்க, ஆனா அது சாக்கு இல்லன்னும் சொன்னாங்க. இத சொல்றது எல்லாரும் பல்ல கடிச்சுக்கிட்டு ஓடணும்ங்கறதுக்காக இல்ல. தள்ளிப்போட நினைக்கிற பொண்ணுக்கு அதுக்கான முழு உரிமை இருக்கு, வேணாம்னு நினைக்கிறவளுக்கும் அதே உரிமை இருக்கு. என்னை உறுத்துறது இந்த ரெண்டாவதுதான். வீட்டுக்காரங்க தேதி குறிச்சு, அவங்களே மாத்திரை வாங்கி, "போட்டுக்கோ"ன்னு கையில குடுக்குறாங்க, அவளுக்கு அது என்ன மாத்திரைன்னு கூட தெரியாது. ஒரு தலைவலி மாத்திரைக்கு கூட இது ஒத்துக்குமான்னு கேக்குற வீட்ல, ஹார்மோன் மாத்திரைய கேக்காம முழுங்க வைக்கிறாங்க.

அதனால ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தடவ இந்தக் கேள்வி வர்றப்ப, ஒரு கைனகாலஜிஸ்ட்ட வச்சு விவரமா எழுத வைங்க. எதிர்பாக்குற தேதிக்கு 3 நாள் முன்னாடி ஆரம்பிக்கணும், அதனால டாக்டர குறைஞ்சது ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பாக்கணும்னு பெரிய எழுத்துல போடுங்க. ரத்தக்கட்டி, கண்ணுல வெளிச்சம் ஓடுற தலைவலி, கல்லீரல், வேற மாத்திரை, கர்ப்பம், இந்தக் கேள்விங்கள கட்டம் கட்டி போடுங்க, படிக்கிறவங்க வெட்டி எடுத்து டாக்டர்கிட்டயோ எங்ககிட்டயோ கொண்டு வரட்டும். கவுண்டர்ல நாங்க கேள்வி கேட்டா "உனக்கு எதுக்கு இதெல்லாம், மாத்திரைய குடு"ன்னு கோவப்படாம, அந்தப் பொண்ணையே பேச விடுங்கன்னும் ஒரு வரி சேத்துப் போட்டா எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி, ஒரு பார்மசிஸ்ட்